தம்பி, ஒரு நிமிஷம்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது, கட்டாயம் தருவேன். ஆனால் இப்போது இல்லை. இன்னாசி அண்ணன் சிரிக்கிற நிலையில் இல்லை. அவரை விட்டுவிட்டு நாம் மட்டும் சிரித்தால் நன்றாக இருக்காது.

பல்கலைக்கழகத்தில் அம்மாவின் ஆய்வகம் மூளையும் பயமும் பற்றியது. அதில் நான்கு வருடமாக எலிகளோடு குடும்பம் நடத்துகிற ஆராய்ச்சி மாணவர் இன்னாசி அண்ணன். மணி அடித்ததும் எலியின் காலில் லேசாக ஷாக். கொஞ்ச நாளில் மணி கேட்டாலே எலி உறைந்துவிடும், மீசைகூட ஆடாது. அப்புறம் அதை ஒரு வெள்ளைப் பெட்டிக்கு மாற்றி, ஷாக் இல்லாமல் வெறும் மணியை அடித்துக்கொண்டே இருப்பார். மெல்ல மெல்ல எலி மணியைச் சட்டை செய்யாமல் தீனி கொறிக்கும்.

‘பயம் அழிந்தது’ என்று கட்டுரை எழுதிவிட்டார். அது இன்று சாயங்காலத்துக்குள் ஆய்விதழுக்குப் போனால் உதவித்தொகை இன்னும் ஒரு வருடம் உண்டு. போகாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். துறைத்தலைவர் கோதண்டம் சொல்லிவிட்டார். அம்மாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“காலைலேர்ந்து கேக்குறேன் மேடம். எந்த வரி தப்பு?”

“வரி தப்பில்ல. ஒரு சொல்லு.”

“எது?”

“அழிந்தது.”

“மணி அடிச்சா எலி திரும்பிக்கூடப் பாக்கல. வேற என்ன ஆதாரம் வேணும்?”

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“குயிலி, கோதண்டம் சார் எப்படிக் கூப்பிடுவாரு?”

இந்த ஒரு கேள்விக்காகத்தானே லீவு முழுக்க இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். முதலில் ஒரு செருமல். பிறகு மூக்கு வழியாக, பாகு போல: “தம்பீ… ஒரு நிமிஷம்.”

அந்தத் துறையில் யாருக்கு எது பறிபோனாலும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் போகும்.

எலிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இன்னாசி அண்ணனின் கை அப்படியே நின்றது. பாட்டில் நிரம்பி வழிந்தது. அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

“விளையாடாத பாப்பா.”

“மறுபடியும்,” என்றாள் அம்மா.

“தம்பீ… ஒரு நிமிஷம்.”

தோள் மட்டும் குலுங்கியது.

“மறுபடியும்.”

நான் சொல்லச் சொல்ல அவர் குழாயை மூடினார், கூண்டைத் துடைத்தார், தீனி அள்ளிப் போட்டார். கடைசியில் என்னைப் பார்த்தே கேட்டார்: “என்ன சார், டீ ஆச்சா?”

“பயம் போச்சா?” என்றாள் அம்மா.

“போச்சு மேடம்.”

“அழிஞ்சே போச்சா?”

“அழிஞ்சே போச்சு.”

“சரி, பிரிண்ட் எடுத்துட்டு வா. கையெழுத்துப் போடுறேன்.”

பிரிண்டர் வராந்தாவின் அந்தக் கோடியில் இருக்கிறது. அவர் ஓடினார். அம்மா என்னைப் பார்த்து வாசல் பக்கம் தலையசைத்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

தாள்களோடு திரும்பி வந்தார். என்னைத் தாண்டினார். நான் செருமினேன்.

“தம்பீ… ஒரு நிமிஷம்.”

ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். கழுத்து திரும்பவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“அனுப்பிடுறேன் சார். இதோ, இப்பவே அனுப்பிடுறேன் சார்.”

பொத்தி வைத்திருந்த சிரிப்பு எனக்கு வரவில்லை. அவர் கால் இன்னும் அந்தரத்திலேயே இருந்தது.

ஆய்வகத்தின் வாசலில் அம்மா ஒரு எலிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“இன்னாசி, ஷாக் இல்லாம மணியடிச்சுப் பழக்கினது எங்க?”

“வெள்ளைப் பெட்டில மேடம்.”

“பயம் போச்சான்னு பாத்தது?”

“அதே வெள்ளைப் பெட்டி…”

அவர் கண் தூணுக்கு வந்தது. என் வெறுங்காலைப் பார்த்தது. ஆய்வகக் கதவுக்குப் போனது. அம்மா கையிலிருந்த கூண்டுக்கு வந்தது.

“இடம் மாறினா பயம் திரும்பிடும்னு எனக்குத் தெரியும் மேடம்,” என்றார் மெதுவாக. “ஜூனியர்ஸுக்கு நானே பாடம் எடுத்திருக்கேன்.”

“தெரியும்.”

“அப்ப இந்தப் பேப்பர்?”

“முதல்ல அந்தக் காலைக் கீழ வை.”