டாக்டரம்மாவைத் தூக்கிய கட்டில்

நோயாளியை ஆஸ்பத்திரிக்கு வரவழைக்காமல் கைபேசியிலேயே பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சி செய்தது. எத்தனையோ ஊர் இருக்க, அவர்கள் தேர்ந்தெடுத்தது ஊமத்தம்பட்டியை.

அங்கே தவசிக்குச் சர்க்கரை நோய். முள் குத்திய இடது கால் ஆறாமல் வீங்கிக் கிடந்தது. துணைக்கு மனைவியின் தம்பிகள் ஒச்சப்பன், மாயன், கண்ணாயிரம். ஆராய்ச்சிக்காரர்கள் அவர்களிடம் ஒரு கைபேசியைக் கொடுத்து, "டாக்டர் பார்க்கும்போது போன் ஆடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூவரும் அதை வேப்பமரத்தில் உயரமாக வைத்துக் கயிற்றால் இறுக்கினார்கள். ஆடவில்லை.

திரையில் டாக்டர் யாஸ்மின் வந்தார். "காலைக் காட்டுங்க."

நான்கு பேரும் காட்டினார்கள்.

"புண் இருக்கிற காலை மட்டும்!"

கண்ணாயிரம் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் காளையையும் ஓட்டி வந்தான். அதற்கும் பின்னங்காலில் புண்.

"மனுஷன் காலுங்க! கேமராவுக்குக் கிட்ட!"

போனோ மரத்தில் உயரத்தில். தவசியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தார்கள். டாக்டரின் முகம் மாறியது.

"ஐயோ, கறுத்துப்போச்சே! நடக்கவே விடாதீங்க. உடனே கட்டில்ல போட்டு இங்க தூக்கிட்டு வாங்க. லேட்டானா காலையே எடுக்க வேண்டி..."

அத்தோடு சிக்னல் நின்றது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"மாப்ளே, அந்தம்மா வாயை மூடலையே?" என்றார் தலைகீழாகத் தொங்கிய தவசி.

"கண்ணும் சிமிட்டலை மச்சான். இழுத்துக்கிச்சு போல" என்றான் மாயன்.

"அதான் கட்டில்ல தூக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. பாவம், முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்றான் ஒச்சப்பன்.

கட்டிலில் போனைப் படுக்கவைத்துப் போர்வை போர்த்தினார்கள். கட்டிலுக்கு நாலு மூலை. தூக்க மூன்று பேர்.

"நான் பிடிக்கிறேன்" என்றார் தவசி.

"உங்க காலு மச்சான்?"

"அட போடா! ஒரு உசுரு போய்க்கிட்டிருக்கு, கால் என்ன கால்!"

நொண்டிக்கொண்டே வழி முழுக்கத் தூக்கினார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் பதறி ஓடி வந்தார்.

"தள்ளுங்கம்மா, சீரியஸ் கேஸ்" என்றான் மாயன்.

வந்தவர் டாக்டர் யாஸ்மின்தான். போர்வையை விலக்கிப் பார்த்தார். பிறகு நாலாவது மூலையில் நின்றவரின் காலைப் பார்த்தார்.

கால் தப்பியது. கைபேசியால் நோயாளி உரிய நேரத்தில் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தார் என்று ஆராய்ச்சி அறிக்கையில் எழுதினார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை.

அனுப்பும்போது டாக்டர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கணும். காலைத் தரையில வெச்சா மறுபடியும் சீழ் பிடிக்கும். கட்டில்ல படுத்து வரவேண்டியது இவரு. தூக்க வேண்டியது நீங்க. வழியில ஏதாச்சும்னா என்னைக் கூப்பிடுங்க."

அடுத்த வாரம் தவசி படுத்தார். மூவரும் தூக்கினார்கள். ஒரு மூலை தரையிலேயே இருந்தது.

"போன வாரம் நாலு பேரு இருந்தோமே?" என்றான் கண்ணாயிரம்.

"இப்பவும் நாலு பேர்தான். ஒருத்தர் மேல படுத்திருக்காரு" என்றான் ஒச்சப்பன்.

"நான் வேணா இறங்கிப் பிடிக்கவா?"

"கூடாது மச்சான்! டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ஏதாச்சும்னா அவங்களையில்ல கூப்பிடணும்!"

கூப்பிட்டார்கள். டாக்டர் திரையில் வந்தார். வந்தவரை அப்படியே கட்டிலின் நாலாவது காலில் இறுக்கிக் கட்டிவிட்டு, மூவரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். தவசி அந்த மூலைப் பக்கமாகச் சரிந்தார்.

"ஹலோ! என்ன நடக்குது அங்க? எனக்கு வெறும் மண்ணுதான் தெரியுது!" என்று கட்டில் கால் அலறியது.

மாயன் திரும்பிப் பார்த்து முறைத்தான்.

"பேசினது போதும், தூக்குங்கம்மா! நாங்க மூணு பேரும் தூக்கலை?"