இருபத்தொன்றாவது ஓலை

டொக், டொக், டொடொக்.

ஆமையின் முதுகில் நான்கு புளியங்கொட்டைகள் உருளும் சத்தம் அது. உடும்பு அதை முதன்முதலில் கேட்டது பல கோடைகளுக்கு முன்பு. பாறைக்காட்டிலிருந்து தண்ணீர் தேடிக் குளத்துக்கு வந்த உடும்பு, கரையிலிருந்த கடம்ப மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டது. தாகம் மறந்துபோயிற்று.

மரத்தடியில் ஆமையும் முயலும் கீரியும் கதை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தன. ஆமை கதை சொல்லும். மற்ற இரண்டும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்திருந்தன. முயல், வேலெறியும் வீரன். கீரி, மூலிகை தெரிந்த மருத்துவச்சி. கதையில் ஆபத்து வந்தால் கொட்டைகளை ஆமையின் முதுகில் உருட்ட வேண்டும். கொட்டையின் ஒரு பக்கம் கறுப்பு, தேய்த்த பக்கம் வெள்ளை. வெள்ளை அதிகம் விழுந்தால் தப்பிக்கலாம். ஆமைக்குத் தன் முதுகு தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும், "எத்தனை வெள்ளை?" என்று கேட்கும். விழுந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். யாரும் பொய் சொன்னதில்லை.

"எவ்வளவு நேரம் எட்டி எட்டிப் பார்ப்பாய், தம்பி? கழுத்து வலிக்கும். உட்கார்," என்றது ஆமை. "நீ யாராக இருக்கப்போகிறாய்?"

உடும்புக்கு வேடங்கள் தெரியாது. பாறைக்காட்டில் எப்போதோ காதில் விழுந்த ஒரு சொல் மட்டும் நினைவில் இருந்தது.

"கடல் என்று ஒன்று இருக்கிறதாமே, அக்கா?"

"இருக்கிறதாம். இந்தக் குளத்துக்கு எதிர்க்கரை இல்லையென்று நினைத்துக்கொள். அதுதான் கடல்."

"அதில் போகிறவனாக இருக்கலாமா?"

ஆமை சற்று யோசித்தது. "இருக்கலாம். நீ கடலோடி. உன் பெயர் சாத்தன்."

அன்றிலிருந்து மாலைதோறும் உடும்பு சாத்தனாக இருந்தது. பாறையைத் தவிர வேறொன்றும் அறியாத அந்த உயிர் புயலில் பாய்மரம் ஒடிந்து தவித்தது. முத்துத் தீவில் இறங்கியது. திமிங்கலத்தின் முதுகைக் கரையென்று நினைத்து அடுப்பு மூட்டியது. முயல் அதை நினைத்து நினைத்துச் சிரிக்கும்.

விளையாட்டின் விதிகள் பன்னிரண்டு ஓலைகளில் இருந்தன. மரப்பொந்தில் தூசி படிந்து கிடந்தன. ஆமைக்கு அவை மனப்பாடம். மற்ற மூன்றும் ஆடியே கற்றுக்கொண்டன. ஓலையை ஒருவரும் பிரித்ததில்லை.

ஒரு தை மாதம் கூழைக்கடாப் பறவை ஒன்று வந்து இறங்கியது. அலகின் கீழிருந்த பையைக் கவிழ்த்தது. இருபது பச்சை ஓலைகள் விழுந்தன.

"புது விதி. எல்லாக் காடுகளிலும் இனி இதுதான். பழையது செல்லாது," என்றது.

முயல் முதல் ஓலையைப் பறித்தது. "வீரன் ஒரே தடவையில் இரண்டு வேல் எறியலாமாம்! எத்தனை வருஷமாகக் கேட்டேன்."

"உனக்கென்ன, இரண்டு வேல்," என்றது கீரி. "எலும்பைச் சேர்க்க முன்பு ஒரு வெள்ளை போதும். இப்போது மூன்று வேண்டுமாம். இதை எழுதியவருக்கு ஒரு நாளாவது கால் முறிந்திருக்குமா?" இப்படி முணுமுணுத்துக்கொண்டே அடுத்த ஓலையைத் திருப்பியது.

உடும்பு இருபது ஓலைகளையும் இரண்டு முறை தேடியது. "கடலோடி எங்கே?"

"கடலோடியா? அப்படி யாரும் இல்லை," என்றது கூழைக்கடா. "மொத்தம் ஆறு வேடம். பாகனை எடுத்துக்கொள்ளேன். யானை கிடைக்கும்."

"எனக்கு யானை வேண்டாம். என் கப்பல் நடுக்கடலில் நிற்கிறது."

"தம்பி, கொஞ்சம் பொறு," என்றது ஆமை.

"எதற்குப் பொறுக்க வேண்டும்? பழைய விதியில் சாத்தனுக்கு இடம் இருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு உங்களால் ஆட முடிகிறதென்றால் ஆடுங்கள். நான் வரவில்லை."

"பழைய விதியில்..." என்று ஆமை ஏதோ சொல்ல வாயெடுத்தது. உடும்பு நிற்கவில்லை. பொந்திலிருந்த பழைய ஓலைகளைக் கவ்வியது. வாய் நிறைய ஓலை இருந்ததால் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

எதிர்க்கரையில் ஒரு பாழ் புற்று இருந்தது. உடும்பு அதில் குடியேறியது. நான்கு புளியங்கொட்டைகளைத் தேடி எடுத்து, கல்லில் தேய்த்து வெள்ளையாக்கியது. தனியாகவே சாத்தனைக் கப்பலில் ஏற்றியது. ஆனால் ஒவ்வொரு அலைக்குப் பின்னாலும் என்ன வரும் என்பது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கொட்டைகள் கல்லில் விழுந்து சும்மா கிடந்தன. எத்தனை வெள்ளை என்று கேட்க ஆளில்லை.

மாலையானால் தண்ணீருக்கு மேலே அந்தச் சத்தம் மிதந்து வரும். டொக், டொக், டொடொக். உடும்பு அதைக் கேட்காதது போலப் படுத்திருக்கும். சத்தம் நின்ற பிறகுதான் தூங்கும்.

மூன்றாம் நாள் முயல் வந்தது. "உடும்பண்ணே, ஒரு சேதி. ஆமையக்கா சொல்லச் சொன்னார்."

"இரண்டு வேல் வீரரே, வந்த வழியே போங்கள்."

"கேட்டுவிட்டுக் கோபப்படுங்களேன்."

உடும்பு வாலைச் சுழற்றி அடித்தது. முயல் ஒரே தாவலில் தப்பி ஓடியது. அடுத்த வாரம் கீரி வந்தது. அதற்கும் வால்தான் கிடைத்தது. பிறகு யாரும் வரவில்லை.

மாசி போயிற்று. பங்குனியும் போயிற்று. ஒரு மாலை சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பத்து நாளாகியும் வரவில்லை.

'சலித்துவிட்டது போல. இந்தப் புது விதி எத்தனை நாளைக்குத் தாங்கும்?' என்று உடும்பு நினைத்தது. எப்படியும் தன்னைக் கூப்பிட வருவார்கள். வந்தால், கடலோடியின் விதியை எடுத்து முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். அதற்காகப் பழைய ஓலைகளை முதல்முறையாகப் பிரித்தது.

வீரன் இருந்தான். மருத்துவச்சி இருந்தாள். பாகன் இருந்தான். பாணன் இருந்தான். பன்னிரண்டாம் ஓலையும் முடிந்தது. கடலோடி இல்லை. உடும்பு மறுபடி படித்தது. வரியை நகத்தால் தொட்டுத் தொட்டுப் படித்தது. கடல் என்ற சொல்லே அதில் இல்லை.

அப்போதுதான் அந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. இருக்கலாமா என்று தான் கேட்டதும், ஆமை சற்று யோசித்ததும்.

உடும்பு ஓடியது. குளத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. குறுக்கே வெடித்த சேற்றுத் தரைதான் கிடந்தது. வயிறு நனையாமல் அக்கரை சேர்ந்தது.

கடம்ப மரத்தடியில் முயல் மட்டும் உட்கார்ந்திருந்தது. உடும்பின் வாலைப் பார்த்துச் சற்று நகர்ந்துகொண்டது.

"அக்கா எங்கே?"

"தண்ணீர் வற்றியதும் கிழக்கே பெரிய ஏரிக்குப் புறப்பட்டுவிட்டார். பத்து நாளாயிற்று. வழித்துணைக்குப் போன கீரி இன்னும் திரும்பவில்லை."

உடும்பு வாலைச் சுருட்டி வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டது. பிறகு, "அன்றைக்கு என்ன சேதி கொண்டுவந்தாய்?" என்று கேட்டது.

முயல் பொந்திலிருந்து புது ஓலைக் கட்டை எடுத்தது. இருபது ஓலைக்குப் பின்னால் இன்னொன்று கட்டியிருந்தது. அதில் கீரியின் நகக் கீறல்.

*கடலோடி. கப்பல் கவிழ்ந்தாலும் மூழ்க மாட்டான்.*

"நீங்கள் போன அன்றைக்கே அக்கா சொல்லச் சொல்லக் கீரி எழுதியது. கூழைக்கடா பார்த்தால் திட்டுமே என்று அதற்குப் பயம். 'கூழைக்கடாவுக்கு எத்தனையோ காடு இருக்கிறது. நமக்கு இருப்பது ஒரே கடலோடி. எழுது' என்றார் அக்கா."

"பிறகு?"

"பிறகென்ன, தினமும் கதையை அப்படித்தான் தொடங்குவார். 'சாத்தனின் கப்பல் இன்னும் கரை சேரவில்லை.' கடைசி நாள் ஒரு சண்டைகூட இல்லை, அண்ணே. நானும் கீரியும் கடற்கரையில் நின்று பாய்மரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குக் கதையே அவ்வளவுதான்."

உடும்பு மறுநாளே கிழக்கே நடந்தது. பெரிய ஏரியைக் கண்டதும் நின்றுவிட்டது. அதற்கு எதிர்க்கரை தெரியவில்லை. நாள்கணக்கில் கரையோரமாக நடந்து, தண்ணீருக்குக் காது கொடுத்துப் பார்த்தது. காற்றும் அலையும்தான் கேட்டன.

தனக்கு இடம் தந்தது விதியா, ஆளா என்று அறியாமல் கோபித்துக்கொண்டு போகிறவர், விதியைக் காப்பாற்றி ஆளை இழப்பார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை பெய்து குளம் நிறைந்தது. ஆமையும் கீரியும் திரும்பி வரவில்லை.