பேச்சி தூங்கிய வகுப்பு

உப்பளத்துப் பெண்களுக்கு ‘உனக்கு நீயே தலைவி’ என்ற பயிற்சியை முதன்முதலில் கொண்டுவந்தவர் ஜெசிந்தா டீச்சர். அதில் படித்து, பிறகு தானே பயிற்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்தவள் முத்துப்பேச்சி. வயதில் பேச்சிதான் மூத்தவள். அதனால் டீச்சர் அவளை அக்கா என்பார். அவள் டீச்சர் என்பாள்.

மதுரைப் பக்கம் போய்விட்ட டீச்சர், பல வருஷம் கழித்து ஒரு மத்தியானம் பேச்சியின் வகுப்பைப் பார்க்க வந்தார். பேச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை.

சமுதாயக் கூடத்தில் பெண்கள் ஊதாச் சேலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் பேச்சி. செல்வக்கனி மட்டும் பச்சையில் வந்திருந்தாள். பேச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்தாளி முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

“உங்களுக்கு முன்னால நாற்காலி போட்டிருக்கேன் டீச்சர்.”

“இருக்கட்டும் அக்கா. நான் பின்னால உக்காந்துக்கிடுதேன்.”

பேச்சி வழக்கம்போலத் தன் பழைய கதையில் ஆரம்பித்தாள். அதைச் சொல்லாமல் அவளுக்கு வகுப்பு ஓடாது.

“அன்னைக்கு எங்களுக்கு மொத வகுப்பு. உப்புக் கொட்டகையில சாக்கு விரிச்சு உக்காந்திருக்கோம். எல்லாரும் கண்ணை மூடுங்க, பத்து வருஷம் கழிச்சு எப்படி இருக்கணும்னு நினைச்சுப் பாருங்கன்னாங்க டீச்சர்.”

பெண்கள் சிரிக்கத் தயாரானார்கள்.

“நான் எந்திரிச்சுட்டேன். டீச்சர், விடியுமுன்னே வந்து உப்பு வாருனவங்க நாங்க. கண்ணை மூடுனா தூங்கித்தான் போவோம், பத்து வருஷமெல்லாம் தெரியாதுன்னேன். அதுக்கு டீச்சர் என்ன சொன்னாங்க?”

“அப்பத் தூங்குங்கன்னாங்க!” என்று கூடமே சேர்ந்து சொன்னது.

பேச்சிக்கு அந்த மத்தியானம் அப்படியே கண்ணில் நின்றது. வெளியே கண் கூசும் உப்புக் குவியல். சாக்கில் தலை வைத்ததும் வந்த தூக்கம். விழித்துப் பார்த்தபோது, பாடம் எழுதி வைத்திருந்த அட்டையால் டீச்சர் அவர்களுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து தன் தூக்கத்துக்கு யாரும் காவல் இருந்ததில்லை என்று அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. மறுநாள், “வகுப்பை எப்ப வச்சுக்கலாம் பேச்சிக்கா?” என்று டீச்சர் கேட்டபோது, தன்னிடமும் ஒருவர் கேட்கிறாரே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள். அந்த நாளெல்லாம் இனி எங்கே வரப்போகிறது!

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினாள். மறுநாள் அவர்கள் எல்லோரும் உப்பள முதலாளியைப் பார்க்கப் போகிறார்கள்.

“நாளைக்கு என்ன கேக்கப் போறோம்?”

“நிழலுக்குக் கொட்டகை!”

“யாருக்கும் வேற யோசனை இருக்கா?”

“இல்லை!”

“எனக்கு இருக்கு” என்றாள் செல்வக்கனி.

எழுந்து நின்றாள்.

“கொட்டகை அப்புறம் கேக்கலாம்க்கா. மொதல்ல கக்கூஸ் கேக்கணும். ஒதுங்க இடமில்லாமத்தான வெயில்ல தண்ணி குடிக்காமக் கெடக்கோம்? எங்க மதினி நீர்க்கடுப்பு வந்து படுத்துட்டா.”

சில பெண்கள் தலையை ஆட்டப் போனார்கள். பேச்சியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

“அதையெல்லாம் ஆம்பளைகிட்டப் போய்க் கேக்க முடியுமா? உக்காரு.”

“நீங்க கேக்க வேண்டாம்க்கா. நான் கேக்கேன்.”

வகுப்பு முடிந்தது. பேச்சி டீச்சரின் பையை வாங்கித் தான் தூக்கிக்கொண்டாள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். முன்பெல்லாம் இதே ரோட்டில் பேசிக்கொண்டே நின்று எத்தனையோ பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள். இன்று பேச்சிக்கு வாய் நிறையப் புகார்தான்.

“பாத்தீங்களா டீச்சர்? மத்தவங்க எல்லாம் தங்கம். நில்லுன்னா நிப்பாங்க, உக்காருன்னா உக்காருவாங்க. என் சொல்லைத் தட்ட மாட்டாங்க.”

“பாத்தேன் அக்கா.”

“இவ ஒருத்திதான் அடங்க மாட்டேங்கா. சேலையைப் பாத்தீங்கள்லா?”

“நல்ல பச்சை.”

“கேலி பண்ணாதீங்க. நாளைக்கு இவ வாயைத் தொறந்தா எல்லார் வேலைக்கும் ஆபத்து. கூட்டிட்டுப் போகாம விட்டுரலாம்னு பாக்கேன். இனிமே வகுப்புக்கும் வராதன்னு சொல்லிரப் போறேன்.”

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. டீச்சர் கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார்.

“நீங்களே சொல்லுங்க டீச்சர். அவளை என்ன செய்ய?”

“அவ தேறியாச்சு அக்கா” என்றார் டீச்சர். “மத்தவங்களை என்ன செய்யப் போறீங்க?”