காலைப் பிடிக்காத பிடிகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஓசூரில், குணாளன் தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஏறுசுவர் ஒன்றைக் கட்டி முடித்தான். பன்னிரண்டடிப் பலகை, அடி முதல் உச்சி வரை துளைகள், அவற்றில் போல்ட் போட்டு முடுக்கிய முப்பது பிடிகள். கையால் பற்றி, காலால் மிதித்து மேலே ஏற வேண்டும்.

அவன் மனைவி பொற்கொடிக்குப் பரண் போடப் பலகை தேவைப்பட்டது. "ஆயுத பூஜை முடியறதுக்குள்ள உச்சியைத் தொட்டுட்டா சுவர் இருக்கட்டும். இல்லன்னா பலகை எனக்கு," என்றாள்.

பிடிகளுக்கும் இது கேட்டது. ஆனால் அவற்றின் கவலை வேறு.

உச்சியில் இருந்த சிவப்புப் பிடி கீழே பார்த்துச் சொன்னது: "நான் கையைப் பிடிக்கிறவன். நீங்கள்லாம் காலைப் பிடிக்கிறவங்க."

அடியில் இருந்த நீலப் பிடிக்குச் சுருக்கென்றது. "மிதிக்கிறது அவரு. நாங்க எங்க பிடிக்கிறோம்?"

"ஊர்ல அதுக்குப் பேரு காலைப் பிடிக்கிறதுதான், தம்பி."

நீலம், தங்களை முடுக்கிய ஸ்பேனரைக் கூப்பிட்டது. "அண்ணே, இந்த ஷெட்டுல தலை உள்ள ஆள் நீங்க ஒருத்தர்தான். மேலே ஓர் இடம் பாத்துக் குடுங்க."

ஸ்பேனர் நெகிழ்ந்துபோய் நீலத்தை உச்சிக்கு ஏற்றிவிட்டது. "அவனுக்கு மட்டும்தானா?" என்றது பச்சை. அதுவும் ஏறியது. சில நாட்களில் கீழே இருந்த எல்லாப் பிடிகளும் ஸ்பேனரை அண்ணே என்று அழைத்திருந்தன.

"அப்புறம் கீழே யார் இருப்பா?" என்று பலகை கேட்டது.

"அதான் நீ இருக்கியே," என்றது சிவப்பு.

அலுவலக வேலையில் மூழ்கிக் கிடந்த குணாளன், ஆயுத பூஜை அன்றுதான் கை வழுக்காமல் இருக்கச் சாக்பீஸ் தூள் பூசிக்கொண்டு வந்தான். முப்பது பிடிகளும் எட்டாத உயரத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கீழே வெறும் பலகை. கால் வைத்தான், வழுக்கியது. எம்பினான், எட்டவில்லை.

"பொற்கொடி, இதையெல்லாம் யாரு மேலே ஏத்தினது?"

"எனக்கென்னங்க தெரியும். எல்லாரும் ஏறியாச்சு, நீங்கதான் பாக்கி."

கழற்றிக் கீழே மாட்டலாம் என்று ஸ்பேனரைத் தேடினான். அது சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு சாமி படத்தின் முன்னால் இருந்தது.

"இன்னிக்கு அதைத் தொடக் கூடாதுங்க," என்றாள் பொற்கொடி.

அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி பலகை பரணாயிற்று. சிவப்புப் பிடி, பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கத் தரையில் வைக்கப்பட்டிருக்கிறது. கதவைச் சாத்தும்போது அதைக் காலால் தள்ளுகிறார்கள்.