அழிக்கத் தேவையில்லாத எழுத்து

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்ற பழைய வழக்கத்தை விடாதவர்கள், ஊர்த் தலைவர் தேர்தலில் நிறுத்தத் தங்களுக்குள் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒருவர் தானாக வேண்டும் என்ற ஆசை விசைப்படகு முதலாளி கஸ்மீருக்கு இருந்தது.

பாடெல்லாம் அவருக்குச் சுவரெழுதும் தொபியாசுக்குத்தான். ஈஸ்டருக்கு, "ஞாயிறு ஓய்வைக் காப்பேன்" என்று எழுதினான். ஞாயிறும் கடலுக்குப் போக நினைத்த படகுக்காரர்கள் முகம் சுளித்ததும் அதை அழித்து, "ஞாயிறு அவரவர் விருப்பம்" என்று எழுதினான். பழைய வழக்கக்காரர்கள் முறைக்கவே, இப்போது அதற்கும் வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார் கஸ்மீர்.

"லேய், இனி அழிக்கவே தேவையில்லாத மாதிரி ஒண்ணு எழுது. மறுபடி அழிக்க வேண்டி வந்துச்சுன்னா, கோயில் கமிட்டியில சொல்லித் திருவிழாச் சப்பர வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்."

அந்தச் சப்பரத்துக்குப் பெயிண்ட் அடித்துத்தான் தொபியாஸ் வீட்டில் உலை கொதித்தது. மாதாவை வேண்டிக்கொண்டு எழுதினான்.

காலைப் பூசை முடிந்து வந்தவர்கள் சுவரின் மேல்பாதியைப் படித்தார்கள்: "புயலில் மூன்று வள்ளங்களைக் கரைசேர்த்தவர் கஸ்மீர்." கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை எங்கலே?" என்று கஸ்மீர் கத்தினார்.

"மொதலாளி, நீங்க செஞ்சதை யாராலயும் அழிக்க முடியாது, எழுதிட்டேன். நீங்க சொல்றதுக்கு நான் எப்படிப் பொறுப்பு? அதை நீங்களே எழுதிருங்க" என்று பிரஷ்ஷை நீட்டினான் தொபியாஸ்.

கூட்டத்தில் நின்ற மெற்றில்டா சொன்னாள்: "அண்ணே, எம் மாப்பிள்ளை உசுரோட இருக்கது உங்களாலதான். அதை மறக்கமாட்டேன். மீதியையும் எழுதுங்க, பார்த்துட்டு முடிவு பண்றோம்."

கஸ்மீர் பிரஷ்ஷை வாங்கினார். கோயில் வாசலைப் பார்த்தார். படகுத்துறையைப் பார்த்தார். கையிலேயே பெயிண்ட் காய்ந்துபோனது.

அந்த வருஷமும் சப்பரத்துக்குப் பெயிண்ட் அடித்தவன் தொபியாஸ்தான். சுவரின் கீழ்ப்பாதி இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.