ராட்சசன் கேட்க வந்த வரம்

மேகதந்தன் அசல் ராட்சசன். அந்தக் குலத்தில் மிச்சம் இருந்தவன் அவன் ஒருத்தன்தான். யுகக்கணக்கில் தூங்கி எழுந்தவன், ஊருக்குள் ஒரு நடை போய்விட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு குரு பூரணலிங்க சாமியிடம் வந்தான். வந்ததும் வராததுமாக ஒற்றைக் காலில் நின்றுவிட்டான். கோபம் வந்தாலும் தவம், ஆசை வந்தாலும் தவம். அவர்கள் வழக்கம் அப்படி.

"யார்கிட்டப்பா சண்டை?" என்றார் சாமி.

"எங்க பேரை நாறடிச்சுட்டாங்க சாமி! பெருசா சக்கரம் சுத்தினா ராட்சத ராட்டினமாம். பெருசா அப்பளம் பொரிச்சா ராட்சத அப்பளமாம். மூவுலகத்தையும் நடுங்க வெச்ச குலம், அப்பளத்துல வந்து நிக்குது! இனி மனுசங்க வாயில எங்க பேரே வரக்கூடாது. அந்த வரம் கிடைக்காம காலைக் கீழே வைக்க மாட்டேன்."

"உங்க ஆளுங்க கேட்ட வரத்துல எதுலதான் ஓட்டை இல்ல? முதல்ல என்கூட வா."

திருவிழாவுக்குக் கூட்டிப் போனார். சபதம் போட்டாயிற்றே, பாவம், மேகதந்தன் நொண்டியடித்துக்கொண்டே போனான். வேஷக்காரன் என்று நினைத்துக் கூட்டம் வழிவிட்டது.

ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒருத்தி அழுதபடி மகளைத் தேடிக்கொண்டிருந்தாள். குழந்தை முகமெல்லாம் பஞ்சுமிட்டாயோடு ஒரு கடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

"அடி ராட்சசி! எங்கடி போன? எனக்கு உயிரே போயிடுச்சுடி!" முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் வாரி எடுத்து முத்தமாகக் கொடுத்தாள்.

மேகதந்தன் அந்த இருவரையுமே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சின்ன வயசுல நீ சேட்டை பண்ணினா உங்கம்மா என்னன்னு கூப்பிடுவாங்க?" என்றார் சாமி.

"அது எதுக்கு இப்போ?"

"சும்மா சொல்லுப்பா."

மேகதந்தனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "'அடேய் மனுசப் பயலே'ன்னுவா. சொல்லிட்டு உச்சந்தலையில ஒரு முத்தம் குடுப்பா. அவ போனப்புறம் அப்படிக் கூப்பிட ஆளில்ல சாமி."

சாமி வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலைத் தூக்கினார்.

"ஐயோ, என்ன சாமி இது?"

"எங்க மனுசப் பேரையும் நாறடிச்சிருக்கீங்களே. நானும் வரம் கேக்கணும்ல?"

சொல்லும்போதே தள்ளாடினார். மேகதந்தன் பதறிக் குனிந்து தாங்கிக்கொண்டான். குனிந்த அந்தப் பெரிய தலையில் சாமி கை வைத்தார்.

"காலைக் கீழே வைடா, மனுசப் பயலே."