குப்பிக்குக் காவல் இருந்தவர்

மழை பெய்தால் ஆட்டோக்காரர்கள் வர மறுக்கும் ஓர் இடத்தில், ஊருக்கு வெளியே, ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே குரு ரெஜினா. சீடர் சங்கரலிங்கம். குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். கல்லூரி வேலையை உதறிவிட்டு, வீட்டில் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

அவர்கள் செய்வது ஒரு கண்ணாடிக் குப்பி. கைக்குள் அடங்கிவிடும். அதை நாள்கணக்கில் சூடாக்கி, உள்ளே ஈரம் என்ற பேச்சே இல்லாமல் போக்கி, ஹீலியம்-3 என்ற அரிய வாயுவை நிரப்பி, கழுத்தை நெருப்பில் உருக்கி மூடுவார்கள். பிறகு அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, உள்ளே இருக்கும் அணுக்களை ஒரே திசையைப் பார்த்து நிற்க வைப்பார்கள். அப்படி நிற்கும்போதே குப்பி துகள் முடுக்கி இருக்கும் ஊருக்குப் போய்விட வேண்டும். அங்கே அதிவேகத்தில் வரும் துகள்கள் அதன்மேல் மோதும். குப்பி பிறந்ததே அதற்குத்தான்.

லேசரை நிறுத்தினால் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திசையை மறக்கும். நல்ல குப்பி என்றால் மெதுவாக மறக்கும்.

சங்கரலிங்கம் செய்த முதல் இரண்டு குப்பிகளும் வாயு நிரப்பும்போதே வெடித்துவிட்டன. மூன்றாவது தங்கியது. அத்தோடு வாயுவும் தீர்ந்தது. அது எளிதில் கிடைக்கிற சரக்கு இல்லை. இந்தக் குப்பி போனால் அவருடைய ஆராய்ச்சியும் போயிற்று. பழைய வேலைக்குத் திரும்பவும் வழியில்லை.

இரவல் வாங்கிய லேசரும் திரும்பிப் போய்விட்டது. மறுநாள் வேன் வரும்வரை குப்பியை, அணுக்களின் திசையைத் தாங்கிப் பிடிக்கும் காந்தச் சுருளுக்குள் பத்திரமாக வைத்திருப்பதுதான் மிச்சம் இருந்த வேலை.

"நான் டவுன் வரைக்கும் போய்ட்டு நாளைக்கு வரேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். சும்மா பக்கத்துல இருங்க" என்றார் ரெஜினா.

சும்மா இருக்கச் சொல்லி அதுவரை யாரும் சங்கரலிங்கத்துக்கு வேலை கொடுத்ததில்லை. அது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

மறுநாள் ரெஜினா நனைந்துகொண்டே திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"குறைஞ்சுக்கிட்டே போகுது மேடம்."

"எப்படித் தெரியும்?"

"அளந்து பார்த்தேன்."

"எத்தனை தடவை?"

ரெஜினா உள்ளே போய்த் திரையைப் பார்த்தார். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பச்சைக் கோடு. முதலில் தள்ளித் தள்ளி நின்ற கோடுகள், குட்டையாக ஆக ஆக நெருங்கி, கடைசியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

அளப்பது என்றால் உள்ளே இருக்கும் அணுக்களை ஒருமுறை புரட்டிப்போட்டுத் திருப்பி நிறுத்துவது. புரட்டும்போதெல்லாம் சில அணுக்கள் சரியாகத் திரும்பாது.

"அளக்க அளக்கக் குறையும்னு உங்களுக்குத் தெரியுமில்ல சார்?"

"தெரியும் மேடம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தானேன்னு நினைச்சேன். குறைஞ்சதைப் பார்த்ததும் பயமா இருந்தது. பயத்துல மறுபடியும் பார்த்தேன்."

ரெஜினா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"போன தடவை பார்த்தப்ப அவங்க கேட்ட அளவுக்குக் கொஞ்சம் மேலதான் இருந்தது. இப்ப எப்படி இருக்கோ. உபயோகப்படாததை அனுப்பி அங்க அசிங்கப்படணுமா மேடம்? கடைசியா ஒரு தடவை பார்த்துடறேன்."

அவர் விரல் அளக்கும் கருவியின் பொத்தானுக்குப் போயிருந்தது. ரெஜினா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துப்பட்டா நுனியைப் பிழிந்தார்.

"எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப எங்கண்ணன்தான் கூட இருந்தான். பாசக்காரன். அவர் கண்ணை மூடினா அவனுக்குத் தாங்காது. தட்டி எழுப்பி, 'அப்பா, நான் யாரு சொல்லுங்க'ம்பான். அப்பா கஷ்டப்பட்டுக் கண்ணைத் திறந்து, 'ஜெரால்டு'ம்பார். அவனுக்கு நிம்மதியாயிடும். கொஞ்ச நேரத்துல திரும்பவும் பயம் வந்துடும். திரும்பவும் எழுப்புவான்."

வெளியே மழை விடவில்லை. அறை பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது.

"அப்புறம் மேடம்?"

"நான் வெளியூர்ல இருந்து சாயங்காலம்தான் வந்து சேர்ந்தேன். நானும் கேட்டேன், 'அப்பா, நான் யாரு'ன்னு."

"என்ன சொன்னார்?"

"சொல்றதுக்கு அவர்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல சார்."

சங்கரலிங்கம் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. கேட்டில் வேன் ஹாரன் அடித்தது.

"குப்பியைப் பெட்டியில வைங்க" என்றார் ரெஜினா.

அவர் குப்பியை இரண்டு கையாலும் எடுத்து, காந்தம் பொருத்திய பெட்டிக்குள் வைத்தார். மூடியை மூட மனம் வரவில்லை.

"உள்ள மிச்சம் இருக்கா இல்லையான்னு தெரியாமலேயா அனுப்பறது மேடம்?"

"மிச்சம் இருக்கணும்னா, தெரியாமத்தான் அனுப்பணும் சார்."